அழக் கூடாத சாவு

ஐம்பத்தெட்டாம் வருசம் மலையூரான வில்பட்டியில் அம்மை விளையாடியபோது பொன்னுச்சாமியின் மகள் சண்முகவள்ளி செத்தாள். ஆறு வயசு. கண்ணுக்குள்ளேயும் கொப்புளம் போட்டு, வாழையிலையில் புரட்டினால் முதுகுத்தோல் இலையோடு வந்தது. ஆத்தாளைப் போகச் சொல்லுங்கப்பா என்று கெஞ்சிக் கெஞ்சியே அடங்கினாள்.

அழக் கூடாது என்றுவிட்டார் பொன்னுச்சாமியின் அண்ணன் திருமலைச்சாமி. ஊர் மாரியம்மனுக்கு அவர்தான் பூசாரி. அம்மை கண்ட வீட்டில் ஒப்பாரி வைத்தால் ஆத்தாளுக்கு ஆகாதாம். பெற்றவள் சோலையம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கிடந்தாள். வந்தவர்களெல்லாம், குடுத்து வைத்த பிள்ளை, ஆத்தா மடிக்கே போய்விட்டது என்றார்கள். உங்கள் வீட்டுப் பிள்ளையை அனுப்புங்களேன் என்று பொன்னுச்சாமிக்கு நாக்கு நுனிவரை வந்தது. புதைத்த கையோடு வெள்ளைப்பூண்டுக் காட்டில் இறங்கி, உள்ளங்கை கிழியக் கொத்தினான்.

பங்குனியில் கோயில் திருவிழாச் சாட்டினார்கள். மகள் பிழைத்தால் தீச்சட்டி எடுப்பதாகச் சோலையம்மாள் நேர்ந்திருந்தாள். அதை எடுத்தே ஆகவேண்டும், இல்லையென்றால் மடியில் கிடக்கிற ஆண்பிள்ளையும் தங்காது என்று அண்ணன் வந்து நின்றார்.

“பிள்ளையையும் எடுத்துக்கிட்டு நேர்த்தியையும் கேக்குறாளாண்ணே? மனுசன் இப்படிச் செஞ்சா ஊருக்குள்ள வச்சிருப்பீங்களா?”

“ஏலே, போன பிறவி வினைடா அது.”

“எந்த வினைன்னு அந்தப் பிள்ளைக்குத் தெரியுமா? என்ன குத்தம்னு சொல்லாம அடிக்கிறவனைக் கிறுக்கன்னுதான் சொல்லுவோம்.”

அண்ணன் காதைப் பொத்திக்கொண்டு போனார்.

பன்றி வந்து பூண்டைக் கிளறினால் கல்லெறிகிறோம். உறைபனி வந்து கருக்கினால் கும்பிடுகிறோம். கல்லெறிந்து எட்டாத கொடுமைக்கெல்லாம் சாமி என்று பேர் வைத்திருக்கிறோம் என்று பட்டது பொன்னுச்சாமிக்கு. பிறந்ததைத் தவிர அந்தப் பிள்ளை வேறு என்ன வினை செய்தது?

சட்டியை எடுக்காதே என்று சோலையம்மாளிடம் சொன்னான். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எம் மக ஆத்தா மடியில இருக்கான்னு நினைச்சாத்தான் எனக்குச் சோறு இறங்குது. சும்மா மண்ணுக்குள்ள கெடக்கான்னு சொல்றீங்களா?”

ஆமாம் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. அதுவே அவன் ஆத்திரத்தைக் கூட்டியது.

சோலையம்மாள் சட்டி எடுத்தாள். உச்சிவெயிலில் ஊரைச் சுற்றி வந்து, கோயில் முன்னால் இறக்கி வைத்தாள். அண்ணன் திருநீற்றை நீட்டினார். அதை வாங்க நீட்டிய கை பாதியில் நின்றது. மகள் பேரைச் சொல்லி ஓவென்று ஒப்பாரி எடுத்தாள், அத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது முழுவதையும். ஊர் பதறிப்போனது. சத்தம் அமுங்கட்டும் என்று பெண்கள் குலவை போட்டார்கள். அண்ணன் அவள் வாயைப் பொத்த வந்தார்.

பொன்னுச்சாமி குறுக்கே பாய்ந்தான். கருவறைக்கு முதுகைக் காட்டி, இரண்டு கையையும் விரித்து நின்றான்.

“அழட்டும். அவ அழுது முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது.”

யாரும் வரவில்லை. அவள் தொண்டை கட்டுகிறவரை அழுதாள்.

அடுத்த வருசம் சாட்டுக்கு அவர்கள் வீட்டில் கோயில் வரி வாங்கவில்லை, அழைப்பு வெற்றிலை பாக்கும் வரவில்லை. பொன்னுச்சாமி கோயிலை ஏறிட்டுப் பார்ப்பதில்லை. வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்க்கலாம் என்றால், கேட்பதற்கு அங்கே ஒருத்தி இருக்கவேண்டுமே என்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கொட்டுச் சத்தம் கேட்டபோது சோலையம்மாள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். அவன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு பூண்டுக்கு மண் அணைக்கப் போனான்.