முதல் கல் யாருடையது

நல்லிணக்க மையத்தை இந்த மாதத்தோடு மூடுகிறார்கள். நிதி இல்லையாம். பல வருஷமாகச் சண்டையே நடக்கவில்லை, பிறகு மையம் எதற்கு என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம். வீடு ஒழுகவில்லையே என்று கூரையைப் பிரிக்கிறவர்களிடம், மையத்தை நடத்தும் கமலாட்சி என்னத்தைப் பேசுவாள்?

காஞ்சிபுரத்தில் தறிச் சத்தம் ஓயாத ஒரு சந்து. அதன் மாடியறைதான் மையம். ஓர் ஆடியில் கரக ஊர்வலம் காலனி மாதா கோயிலைத் தாண்டும்போது, ஜெப நேரத்தில் மேளம் அடித்ததில் கல் பறந்தது. அதன் பிறகுதான் ஊர்க்காரர்களும் காலனிக்காரர்களும் முதன்முதலாக இந்த மாடி ஏறினார்கள். ஆளுக்கொரு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள். கமலாட்சி நடுவில் பேப்பரை விரித்து அவித்த வேர்க்கடலையைக் கொட்டினாள். கடலை உரித்துக்கொண்டே யாராலும் கையை ஓங்க முடியாது என்பது அவள் கணக்கு. அடுத்தடுத்த வருஷங்களில் வரும்போதே “கடலை எங்கம்மா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

இந்த ஆடிக்கான பேச்சுதான் கடைசி. ஊர்ப் பெரியவர் நமச்சிவாயமும் காலனித் தலைவர் தேவசகாயமும் வந்து கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“சண்டை இல்லன்னுதானம்மா மூடுறாங்க? சின்னதா ஒண்ணு போட்டுக்கினா இன்னா?” என்றார் நமச்சிவாயம்.

“நானும் அதத்தான் நெனச்சிக்கினு வந்தேன். ரெண்டு கல்லு, போலீஸ் வரட்டும், பேப்பர்ல வரட்டும்,” என்றார் தேவசகாயம்.

இத்தனை வருஷத்தில் இருவரும் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் ஒத்துப்போனதில்லை. கமலாட்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

“மொதல் கல்லு எங்க பக்கத்துலருந்து வரட்டும்,” என்றார் நமச்சிவாயம் பெருந்தன்மையாக.

“அதெப்படி? போன தபாவும் உங்களுதுதான். இந்த தபா நாங்க.”

“போன தபா நாங்கன்னு யாருபா சொன்னது?”

“கண்ணு போயி உக்காந்துக்கினு இருக்கானே என் தம்பி, அவன் சொல்றான்.”

கடலை உரிப்பது நின்றது. இருவரும் எழுந்துவிட்டார்கள்.

“உக்காருங்க ரெண்டு பேரும்!” கமலாட்சி மேஜையைத் தட்டினாள். “பொய்ச் சண்டைக்கே இப்படியா?”

வெட்கப்பட்டு உட்கார்ந்தார்கள். மாதா கோயில் வாசல் வரும்வரை மேளம், அங்கே நிறுத்தம், தாண்டியதும் மறுபடி மேளம் என்று வழக்கம்போல் பேசி முடித்தார்கள்.

“அடுத்த வருசம் ஏதாச்சும்னா யாருகிட்ட சொல்றதும்மா?” என்று கேட்டார் தேவசகாயம்.

“அவருக்கே போன் பண்ணிச் சொல்லுங்க.”

அவரிடம் இவர் நம்பர் இல்லை, இவரிடம் அவர் நம்பரும் இல்லை. இத்தனை வருஷமும் எல்லாம் கமலாட்சியின் போன் வழியாகவே போய் வந்திருக்கிறது. தான் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதில் அவளுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. இப்போது அது சுருக்கென்று குத்தியது.

“போனை எடுங்க,” என்றாள்.

அவள் நமச்சிவாயத்தின் நம்பரைச் சொல்லச் சொல்ல தேவசகாயம் அழுத்தினார். கைக்கெட்டும் தூரத்தில் அவர் சட்டைப்பையில் மணி அடித்தது. நமச்சிவாயம் கமலாட்சியைப் பார்த்தார். அவள் கடலைத் தோலைக் கூட்டி அள்ள ஆரம்பித்தாள். ‘இன்னாபா’ என்றே இத்தனை காலம் கூப்பிட்டுப் பழகிய மனிதர் போனைக் காதில் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“அலோ... சொல்லுங்க தேவசகாயம்.”