நீண்டுபோன தோட்டாக்கள்

எல்க் மான் வேட்டைப் பருவம் தொடங்கிய வாரம் அது. ஹால்வர் விடிவதற்கு முன்பே தனியாக மலையேறிவிட்டான். அவன் பையில் இருந்தது தங்கை சிக்னி செய்துகொடுத்த தோட்டாப் பெட்டி. அவர்கள் வீட்டில் கடைத் தோட்டா வாங்கிப் பழக்கமில்லை. சுட்டுத் தீர்ந்த பித்தளைக் கூடுகளைக் கழுவி, வெடிமருந்து நிரப்பி, புதுக் குண்டைக் கூட்டின் வாயில் வைத்து அமுக்கி மறுபடி தோட்டாவாக்குவது சிக்னியின் வேலை.

மீதித் தோட்டாக்களை அன்று காலை கராஜில் வைத்து வெர்னியர் அளவுகோலால் அளந்துகொண்டிருந்தாள். ஒன்றின் நீளம் இன்னொன்றுக்கு வரவில்லை.

கணவன் ரஸ் ஊன்றுகோலுடன் வந்து கதவில் சாய்ந்து நின்றான். கணுக்கால் முறிந்து கட்டுப் போட்டிருந்தது.

"என்னடி, காப்பிகூட குடிக்காம தோட்டாவோட சண்டை?"

"நீளம் ஒண்ணுபோல இல்ல ரஸ்."

"ஈய மூக்கு நசுங்கியிருக்கும். மூக்க வச்சு அளந்தா அப்படித்தான் காட்டும். நீ அளக்கிற அளவுக்கு நான் உன்னைக்கூட அளந்ததில்ல."

அவள் சிரிக்கவில்லை. குண்டின் மூக்கை விட்டுவிட்டு, அதன் உடல் பருக்கத் தொடங்கும் இடத்தில் போய் உட்காரும் சிறு வளையத்தை வெர்னியரில் மாட்டி அளந்தாள். அப்போதும் வித்தியாசம் இருந்தது. குண்டை அமுக்கும் அச்சைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த பிசுக்கைத் துடைத்தாள். அழுக்கு இவ்வளவு வித்தியாசம் காட்டாது என்று அவளுக்கே தெரிந்தது. பிறகுதான், செய்த வரிசையிலேயே தோட்டாக்கள் தட்டில் இருப்பதைக் கவனித்தாள். முதலில் செய்ததிலிருந்து மறுபடி அளந்தாள். ஒவ்வொன்றும் தனக்கு முந்தியதைவிட ஒரு மயிரிழை நீளம்.

அச்சின் தலையில் இருந்த நட்டைத் தொட்டாள். திருகுசாவி இல்லாமலே விரலுக்குச் சுழன்றது.

"இளகியிருக்கு," என்றாள். "ஒவ்வொரு அமுக்குக்கும் அச்சுத் தண்டு மேல ஏறிட்டே போயிருக்கு. குண்டு ஆழமா இறங்கவே இல்ல."

"அதான் கண்டுபிடிச்சிட்டியே, இறுக்கிடு."

"தட்டுல இருக்கிறது முதல்ல செஞ்சது ரஸ். கடைசியா செஞ்சதெல்லாம் அண்ணன் பெட்டியில."

ரஸ் முகத்தில் இருந்த கேலி போய்விட்டது. குண்டு வெளியே அதிகம் நீட்டிக்கொண்டிருந்தால் துப்பாக்கிக் குழலின் உள்வரிகளில் போய்க் கவ்விக்கொள்ளும். அப்படியே சுட்டால் குழலுக்குள் அழுத்தம் எகிறும். சுடாமல் வெளியே இழுத்தால் கூடு மட்டும் கையோடு வரும். குண்டு உள்ளேயே நிற்க, மருந்தெல்லாம் கொட்டிவிடும். அதன் பிறகு அது துப்பாக்கி இல்லை, வெறும் இரும்புக் கம்பி. ஹால்வர் போயிருந்த சரிவில் கிரிஸ்லிக் கரடிகள் உண்டு. போன் எடுக்காத இடம்.

"வனக் காவலருக்குச் சொல்றேன். ஆனா அவங்க வர்றதுக்கு நேரமாகும்," என்றான் ரஸ்.

"நான் போறேன்."

"துப்பாக்கி எடுத்துக்கோ."

"எதைப் போட்டுச் சுட? அதுக்கும் இதே அச்சுலதான் செஞ்சேன்." கரடியை விரட்டும் மிளகாய் ஸ்ப்ரேயை மட்டும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மலையடிவாரத்தில் அண்ணனின் பிக்கப் வண்டி நின்றது. பனியில் அவன் காலடித் தடம் தெளிவாக இருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டபடியே ஏறினாள். ஒவ்வொரு முறையும் காட்டின் அமைதி மட்டுமே திரும்பி வந்தது. மேலே ஓரிடத்தில் அண்டங்காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. அங்கே மண்ணும் கிளைகளும் வாரிப் போட்ட ஒரு குவியல். அதற்குள்ளிருந்து எல்க் மானின் கொம்பு நீட்டிக்கொண்டிருந்தது.

மனிதன் இப்படி மூடி வைக்க மாட்டான். கரடிதான் தன் இரையை இப்படி மூடும்.

குவியலுக்குப் பக்கத்தில் அண்ணனின் துப்பாக்கி திறந்தபடி கிடந்தது. பனிமேல் கடுகு சிந்தியதுபோல் கறுப்பு மருந்து. அண்ணனைத் தவிர மற்ற எல்லாம் அங்கே இருந்தது.

"சிக்னி." மேலே பாறை இடுக்கிலிருந்து குரல் வந்தது. "ஓடாத. கத்தாத."

நிமிர்ந்தாள். ஹால்வர் பாறையில் ஒட்டிக்கொண்டிருந்தான். கோட்டுக் கை கிழிந்து ரத்தம் ஊறியிருந்தது.

"வலப்பக்கம், புதருக்குப் பின்னால இருக்கு. இன்னும் போகல."

புதர் அசைந்தது. பழுப்பு நிறத் தோள் தெரிந்தது, பிறகு தலை. பற்களைக் கடிக்கும் சத்தம் அவ்வளவு அருகில் கேட்டது. அவள் ஸ்ப்ரேயை எடுத்தாள். அப்போதுதான் காற்று தன் முகத்தில் அடிப்பது உறைத்தது. அடித்தால் தன் கண்ணுக்கே வரும்.

"காத்து எதிரா இருக்கு, அண்ணா," என்றாள் உதடு அசையாமல்.

"பக்கவாட்டுல நகரு. மெதுவா. நான் அதுகிட்டப் பேசறேன்." அவன் குரலை உயர்த்தினான். "ஏய் தடியா! இங்க பாரு! மான் உனக்குத்தான், வச்சுக்கோ. அவள விடு."

அவள் இரண்டடி நகர்வதற்குள் கரடி பாய்ந்தது. வேறு வழியில்லை. விசையை அழுத்தி, தரைக்குச் சற்று மேலே ஆரஞ்சு மேகத்தைப் பரப்பினாள். அது கரடியின் முகத்திலும் அடித்தது, அவள் முகத்திலும் அடித்தது. கண்ணில் நெருப்பு. ஒன்றும் தெரியவில்லை. இருமும் ஒலி, கிளை முறியும் ஒலி. அது தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா? தெரியாமலே மண்டியிட்டுக் கிடந்தாள். அந்தத் தெரியாமை கண்ணெரிச்சலைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு கை தோளைப் பற்றியது. அலறிவிட்டாள்.

"நான்தான்டி. போயிடுச்சு. எழுந்திரு."

குருடியைப்போல அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். வழியில் அவன் திக்கித் திக்கிச் சொன்னான். மானை முதல் தோட்டா வீழ்த்திவிட்டது. அடுத்ததை ஏற்றும்போது குழலை அடைக்கும் போல்ட் முரண்டு பிடித்தது.

"அடிச்சு மூடிடலாமான்னுகூட நெனச்சேன். ஏதோ தோணுச்சு, வெளிய இழுத்தேன். வெறும் கூடுதான் வந்துச்சு. என்னடா இதுன்னு குனிஞ்சு பாத்துட்டிருக்கேன், பின்னால மூச்சு விடற சத்தம்."

அவள் அவன் பெல்ட்டை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவன் கையில் தையல் போட்டார்கள். காவலர்கள் போய்த் துப்பாக்கியை மீட்டு வந்தார்கள். சிக்னி மிச்சமிருந்த தோட்டாக்கள் அனைத்தையும் பிரித்து, குண்டு வேறு மருந்து வேறாக்கினாள். குளிர்காலம் முழுக்க அச்சைத் தொடவில்லை.

"கடைத் தோட்டா சரியாவே போக மாட்டேங்குது. நீயே செஞ்சு குடேன்," என்று வசந்தத்தில் ஹால்வர் கேட்டான்.

புது நட்டு மாட்டினாள். ஒவ்வொரு தோட்டாவையும் செய்த உடனே அளந்தாள்; எல்லாம் ஒரே நீளம். சுட்டுப் பார்க்க இருவரும் ஊர்ச் சுடுதளத்துக்குப் போனார்கள். ஹால்வர் துப்பாக்கிக்குக் கை நீட்டினான்.

"நீ தள்ளி நில்லு. முதல்ல நான்."

போல்ட் வழுக்கிக்கொண்டு மூடியது. இலக்கு தெளிவாகத் தெரிந்தது. கணக்கு சரி, அளவு சரி, எல்லாம் சரி. ஆனாலும் வெகுநேரம் அவள் விரல் விசையின்மேல் அசையாமல் இருந்தது.