மூன்றாம் துண்டில் வளர்ந்த புல்

சாலைத் துறையின் சோதனைக்கூடத்தில் களைப் பிரிவுக்கு அவள்தான் பொறுப்பு. சாலையோரப் புல்லை எந்த மருந்து அதிக நாள் அடக்கி வைக்கிறது என்று தெளித்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவள் கைகாட்டும் மருந்தைத்தான் துறை வாங்கும். அந்த வருடம் நான்கு கம்பெனிகள் போட்டியில் இருந்தன. மூன்றாவது கம்பெனியின் ஆளாக, மருந்துக் கேனோடு கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றவன் அவளுடைய முன்னாள் கணவன்.

"வணக்கம் மேடம்" என்றான், முன்பின் பார்த்தே இராதவன் போல.

"அங்க வைங்க சார்" என்று மேசையைக் காட்டினாள். பதிவேட்டைத் திறந்து அவன் கம்பெனியின் பெயரை எழுதினாள்.

பிள்ளை இல்லை என்று அவளை விட்டுப் போனவன் அவன். போனதைக்கூட மன்னித்திருப்பாள். போகிற அன்று, நாத்தனாரும் அக்கம்பக்கத்தாரும் பார்த்து நிற்க, "இவகிட்ட ஒரு புல் பூண்டுகூட முளைக்காது" என்று சொல்லிச் சிரித்தான். குறை யாரிடம் என்று டாக்டர் சொன்னது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் மானத்தைக் காப்பாற்ற அவள்தான் அதுவரை வாயை மூடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கும் மூடிக்கொண்டுதான் நின்றாள். அதற்காகத் தன்னையே எத்தனையோ நாள் திட்டிக்கொண்டிருக்கிறாள்.

ஊருக்கு வெளியே போகும் சாலையின் ஓரத்தைக் கயிறு கட்டி, கம்பெனிக்கு ஒன்றாக நான்கு துண்டாகப் பிரித்தார்கள். மருந்து கலப்பது அவள் வேலை. தெளிப்பவர், ஆபீஸே சித்தப்பா என்று கூப்பிடும் பழைய ஊழியர். அதுவரை ஒரு அளவைக்கூடக் கூட்டிக் குறைத்து எழுதாதவள், அன்று காலை கதவைச் சாத்திக்கொண்டு, மூன்றாவது துண்டுக்கு மட்டும் யூரியா உரத்தைத் தண்ணீரில் கரைத்துத் தெளிப்பானில் ஊற்றினாள். அவன் கொடுத்த கேன் திறக்கப்படாமல் அலமாரிக்குள் போனது.

"இதென்னம்மா, வாடையே காணோம்?" என்றார் சித்தப்பா, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டே.

"புதுச் சரக்கு சித்தப்பா. வாடை வராதாம்."

மழையும் அவள் பக்கம் நின்றது. மற்ற மூன்று துண்டுகளும் பழுத்துக் கருக, மூன்றாவதில் புல் மதமதவென்று இடுப்பு உயரத்துக்கு எழுந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் தினமும் பஸ்ஸை விட்டிறங்கி அதைப் பார்த்துவிட்டுப் போனாள். அந்தப் பச்சையைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பசியெடுத்தது.

பார்வையிட வந்த தலைமைப் பொறியாளர் மூன்றாவது துண்டின் முன் இடுப்பில் கை வைத்து நின்றார். "ஏங்க, இது களைக்கொல்லியா, மாட்டுத் தீவனமா?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. "சார், எங்க வீட்டு ரோஜாவுக்கு ரெண்டு கேன் குடுங்க, பூக்கவே மாட்டேங்குது" என்றான் போட்டிக் கம்பெனிக்காரன். கழுத்துப் பட்டையைத் தளர்த்திக்கொண்டு நின்ற அவள் முன்னாள் கணவன் முகத்தில் ஈயாடவில்லை. அவள் மட்டும் சிரிக்காமல், அந்த முகத்தை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லோரும் நகர்ந்ததும் ஜீப்புக்குப் பின்னால் வந்து மறித்தான். "நீ ஏதோ பண்ணிட்ட."

"நான் என்ன சார் பண்ண முடியும்? எங்கிட்டதான் புல் பூண்டே முளைக்காதே."

அவன் முகம் வெளுத்தது. "மறுபடியும் டெஸ்ட் வைக்கச் சொல்லுவேன். உன்மேல நம்பிக்கை இல்லன்னு எழுதிக் குடுப்பேன்."

"குடு." சேர்ந்து வாழ்ந்த காலத்தில் ஒருநாளும் அவனை அவள் ஒருமையில் பேசியதில்லை. "ஏன் நம்பிக்கை இல்லன்னு கேப்பாங்க. நாம யாரு, எதனால பிரிஞ்சோம்னு கேப்பாங்க. டாக்டர் சொன்னத நானும் சொல்லவேண்டி வரும். உங்க மேனேஜர் அதோ நிக்கிறாரு. இப்பவே கூப்பிடட்டுமா?"

அவன் கூப்பிடச் சொல்லவில்லை. எழுதியும் கொடுக்கவில்லை. கம்பெனி அவனைத் தூக்கி எங்கோ ஒரு கிடங்கில் போட்டதாகப் பிறகு கேள்விப்பட்டாள்.

மூன்றாவது துண்டைச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. மிச்சம் எதையும் வீணாக்கத் தெரியாதவள், அலமாரியிலிருந்த கேனை எடுத்துச் சித்தப்பாவிடம் கொடுத்தாள். சில நாளிலேயே புல் வேரோடு வெந்து தரையோடு தரையாகிவிட்டது. மற்ற மூன்றும் அதற்குக் கிட்டத்தில்கூட வரவில்லை.

"இதுவாம்மா தோத்துப்போன மருந்து?" என்று சித்தப்பா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு என்ன தோன்றியதோ, பதிலுக்குக் காத்திராமல் குழாயடிக்குப் போய்க் கையைக் கழுவினார்.

துறை வாங்கிய மருந்து இரண்டாந்தரம். ஒருமுறை அடித்தால் போதாது, திரும்பத் திரும்ப அடிக்க வேண்டும். வெயிலில் தெளிப்பானைச் சுமந்தபடி சித்தப்பா அந்தக் கம்பெனியை வாய் ஓயாமல் திட்டுவார். அவர் முதுகை நினைத்தால் மட்டும் அவளுக்கு உறுத்தும். மற்றபடி நன்றாகச் சாப்பிட்டாள், நன்றாகத் தூங்கினாள்.