நகராத புள்ள

பந்து மேலே எழும்பிவிட்டது, டிவியில் அமெரிக்கக் கால்பந்தின் கடைசி ஆட்டம், அந்த இரண்டு மஞ்சள் கம்பங்களுக்கு நடுவே போனால் எங்கள் ஊர் பஃபலோவுக்குக் கோப்பை, வெளியே போனால் நியூயார்க்குக்கு, நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நிற்கிறேன், நகராத புள்ள என்கிறார் வீட்டுக்காரர், கோபிச்செட்டிபாளையத்தில் ரேடியோவில் கிரிக்கெட் கேட்ட காலத்திலிருந்தே இப்படித்தான், சிக்ஸர் போனபோது யார் எங்கே இருந்தார்களோ அங்கேயே இருக்க வேண்டும், கடல் தாண்டி வந்தும் அந்தக் கிறுக்கு போகவில்லை, ஏனுங்க, பால் பொங்குது என்கிறேன், பொங்கட்டும் என்கிறார், நான் கழுத்தை மட்டும்தான் திருப்பினேன், சத்தியமாகக் கழுத்தை மட்டும்தான், பந்து வலப்பக்கம் ஒதுங்கி வெளியே போய்விட்டது, நீ நகர்ந்துட்ட என்றார், முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, வீட்டுக்கு யார் வந்தாலும் காபி ஆறுவதற்குள் இந்தக் கதையைச் சொல்லிவிடுவார், எனக்குப் பற்றிக்கொண்டு வரும், அடுத்த மூன்று வருஷமும் பஃபலோதான் கடைசி ஆட்டத்துக்குப் போனது, மூன்றிலும் நான் சோபாவில் ஆணி அடித்தாற்போல் உட்கார்ந்திருந்தேன், அப்போதும் வாஷிங்டன் ஜெயித்தது, டாலஸ் ஜெயித்தது, மறுபடியும் டாலஸ், இதுக்கு என்ன சொல்றீங்க என்று கேட்டால், எல்லாம் அந்த முதல் தோஷம்தான் என்பார்.

உட்காருங்களேன் என்கிறாள் நர்ஸ், உட்கார மாட்டேன், இந்தத் தாழ்வாரத்தில் இந்தத் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நான் நின்றபோதுதான் ஆபரேஷன் நல்லபடியாகப் போகிறது என்று வந்து சொன்னாள், கால் கடுக்கிறது, கிறுக்கு எனக்கும் ஒட்டிக்கொண்டது போல, வீட்டுக்காரருக்கு மூளையில் ரத்தக்கட்டி, எடுத்தாலும் ஞாபகம் கொஞ்சம் போகலாம் என்று காலையில் டாக்டரம்மா சொன்னபோது இவர் சிரித்தார், கண்ணு முழிச்சதும் கல்யாண நாளக் கேட்டுப் பாக்காத, அது எனக்கு எப்பவுமே தெரியாது, கோப்பை ஜெயிச்ச ஊரு எல்லாத்தையும் மொதல்ல இருந்து கேளு, தப்பாச் சொன்னா ஆளு போயிட்டேன்னு வெச்சுக்க என்றார், சவரம் செய்யும்போது தினமும் முணுமுணுக்கிற வரிசை, அவருக்குச் சாமி மந்திரம் அதுதான், கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம், அந்த வரிசையில் எங்கள் ஊர் எங்கும் வராது, கதவு திறக்கிறது, முழித்துவிட்டார், வாங்க என்கிறாள், நகர்ந்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு நிமிஷம் கால் எழவில்லை.

தலையெல்லாம் கட்டு, என்னைத் தெரியுதுங்களா என்கிறேன், தெரியாம என்ன, கேளு என்கிறார், சொல்லுங்க என்கிறேன், கிரீன் பே, மறுபடி கிரீன் பே, நியூயார்க், கேன்சஸ் சிட்டி, பால்டிமோர், நான் மூச்சை அடக்கிக்கொண்டு கூடவே எண்ணுகிறேன், ஒன்றும் தப்பவில்லை, மயாமி இரண்டு முறை, பிட்ஸ்பர்க் இரண்டு முறை, குரல் தேய்கிறது, விடாமல் சொல்லிக்கொண்டே வருகிறார், சான் பிரான்சிஸ்கோ, மறுபடி சான் பிரான்சிஸ்கோ, இனி அந்த வருஷம், நியூயார்க் என்று சொல்லிவிடுங்க, என்னைத் திட்டிக்கொண்டே சொல்லிவிடுங்க, பஃபலோ என்கிறார். விளையாட்டுக்குச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்க்கிறேன், இல்லை, நம்பித்தான் சொல்கிறார், சரிதானே புள்ள, உள்ள போச்சல்ல என்கிறார், சரிதானுங்க, நான் அப்படியேதான் நின்னேன் என்கிறேன், அதான பாத்தேன் என்று என் கையைப் பிடித்துக்கொள்கிறார், பந்து எழும்பிக்கொண்டிருக்கிறது, கம்பங்களுக்கு நடுவே போகிறது, அடுப்பில் பால் பொங்கி வழிகிறது, நான் திரும்பவில்லை.