அரிசிப் பையின் அடிப்பக்கம்

கனகரத்தினத்தாரின் சந்தேகம் ஒரு கத்தியில் தொடங்கியது.

கொழும்பிலிருந்து மருமகன் சிவரூபனுக்கு வந்த பொதியில் அது இருந்தது. நீளமான, ஒடுங்கிய கத்தி. ஒரு பக்கம் மட்டும் தீட்டியிருந்தது, மறுபக்கம் சப்பை. மீன் வெட்டத்தான் என்று மருமகன் சொன்னான். திருகோணமலையில் பிறந்து வளர்ந்த மனுசனிடம் மீன் வெட்டும் கத்தியைப் பற்றி வகுப்பு எடுக்கிறான் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

துறைமுகச் சுங்கத்தில் பரிசோதகராக இருந்து ஓய்வுபெற்றவர் அவர். ஓய்வு கிடைத்தது உத்தியோகத்துக்குத்தான், கண்ணுக்கும் மூக்குக்கும் இல்லை. வீட்டுக்கு வரும் பாண் பையைக்கூட ஒருதரம் கையில் தூக்கிப் பாரம் பார்த்துவிட்டுத்தான் மேசையில் வைப்பார். ஓர் ஆள் எங்கே போகப்போகிறான் என்பதை அவனுடைய வாயில் கேட்கக்கூடாது, சாமானில்தான் பார்க்க வேண்டும் என்பது அவருடைய கட்சி.

சிவரூபன் ஒசாக்காவில் ஒரு சுஷிக் கடையில் சமையல்காரனாக இருந்தவன். திரும்பி வந்து நிரோஜினியைக் கட்டி, லிங்கநகரில் மாமனார் வீட்டிலேயே இருந்தான். இங்கே அவனுக்கு இன்னும் நல்ல வேலை அமையவில்லை. இப்படியே போனால் மறுபடி ஒசாக்காவுக்குப் போவான், போகும்போது மகளையும் கூட்டிக்கொண்டு போவான். இதுதான் கனகரத்தினத்தாரின் பயம். மனைவி போன பிறகு அந்த வீட்டில் அவருக்கென்று இருந்தது நிரோஜினி ஒருத்திதான். அவள் பேசாத நாள்களில்கூட, குசினியில் அவள் பாத்திரம் உருட்டும் சத்தம் அவருக்குத் தேவையாக இருந்தது.

கத்திக்குப் பிறகு மற்றச் சாமான்கள் வரத் தொடங்கின. ஒருநாள் கறுப்புத் தாள்கள் வந்தன. கார்பன் தாள் மாதிரி இருந்தது. அவர் யாரும் பார்க்காத நேரம் மூலையில் கொஞ்சம் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தார். கடற்பாசி! உப்பும் கடலும் மணத்தது. கடல் இல்லாத ஊரிலா இருக்கிறோம், பாசியைக் காசு கொடுத்து வாங்க?

அடுத்தது, புதிதாக வாங்கிய விளக்குமாறு மெலிந்து போயிருந்தது. பார்த்தால் நிரோஜினி அதிலிருந்து ஈர்க்குகளை உருவிக் கழுவிக் காயவைத்து, நூலால் வரிசையாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“என்ன பிள்ளை இது?”

“சோறு சுருட்டுற பாய் அப்பா. மூங்கில் பாய் இன்னும் வந்து சேரயில்லை. அதுவரைக்கும் இதிலை பழகுவம்.”

“அப்ப கூட்டுறதுக்கு?”

“அந்தப் பழசு கிடக்குத்தானே.”

சோற்றைச் சுருட்டப் பாய் பின்னும் குடும்பத்தை அவர் தன் சேவைக்காலத்தில் எந்தக் கப்பலிலும் கண்டதில்லை.

பிறகு பஞ்சுபோல் பாரமில்லாத வெள்ளை றெஜிபோம் பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஐஸில் இறுகிய கெலவல்லா என்கிற சூரை மீன் துண்டுகள். கனகரத்தினத்தாரால் இதை மட்டும் பொறுக்க முடியவில்லை. பக்கத்து மீன்பிடி ஊரான சல்லியில் விடிய வள்ளம் கரைக்கு வருகிறது, துடிக்கத் துடிக்க மீன் எடுக்கலாம். ஐஸ் மீனை வாங்குகிறவனை இந்த ஊரில் மனிதனாகவே மதிக்கமாட்டார்கள்.

“உமக்கு என்ன தம்பி, கண் தெரியேல்லையோ? கடலைப் பக்கத்திலை வைச்சுக்கொண்டு கொழும்பிலை மீன் வாங்குறீர்?”

“பச்சையாச் சாப்பிடுற மீன் மாமா. கடுங்குளிரிலை உறைய வைக்கவேணும். அப்பத்தான் உள்ளுக்கை கிடக்கிற புழுவெல்லாம் சாகும். சல்லி மீன் குழம்புக்கு ராசா. இதுக்குச் சரிவராது.”

பதில் சரியாக இருந்தது. சரியான பதிலைத் தயாராக வைத்திருப்பவனைத்தான் கூடுதலாகச் சோதிக்க வேண்டும் என்று அவருக்குப் பழக்கம் சொன்னது.

எல்லாவற்றையும்விட வினாகிரிப் போத்தல்தான் அவரைக் குழப்பியது. அதற்காக சிவரூபன் ஊரெல்லாம் அலைந்தான். ஒவ்வொரு போத்தலையும் திருப்பிப் பின்பக்க எழுத்தை வாசித்தான். மதுசாரம் ஒரு துளிகூட இல்லாததுதான் வேணும் என்று நிரோஜினியிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. இந்த வீட்டில் யாருக்கு மதுசாரம் விலக்கு? பின்னேரம் முழுக்க விறாந்தைக் கதிரையில் இருந்து யோசித்தார். கடைசியில் விடை பிடிபட்டது. கட்டார் வழியாகப் போகும் விமானம்! அங்கே போத்தலைப் பிடித்துவிடுவான்கள். அதுதான் இவ்வளவு கவனம். பாசி, கத்தி, பாய், எல்லாம் ஒரு சின்னப் பெட்டிக்குள் அடங்குகிற சாமான்.

அன்றிரவுச் சாப்பாட்டுக்கு முன் மகள் தொலைபேசியில் மெதுவாகக் கதைத்தாள். சிநேகிதி லோஜினியோடு.

“ஓம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாறார். அவருக்குப் பிடிச்சுதெண்டால் எங்கட கஷ்டம் முடிஞ்சுது. அப்பாவுக்கு ஒண்டும் சொல்லிப்போடாதை.”

வருகிறவன் ஏஜென்ற். வேறு யாராக இருக்க முடியும்? சாப்பாடு பிடித்தால் ஒசாக்காவில் பழைய கடைக்கே சேர்த்துவிடுவான். கனகரத்தினத்தாருக்குச் சோறு இறங்கவில்லை. வயிறு சரியில்லை என்று எழும்பிவிட்டார்.

சனிக்கிழமை இருவரும் இறால் வாங்கச் சல்லிக்குப் போனார்கள். கனகரத்தினத்தார் குசினி அலுமாரியைத் திறந்தார். மீனில் கைவைக்க மனம் வரவில்லை, மகளும் சாப்பிடுவாள். கத்தியை எடுத்தால் உடனே தெரிந்துவிடும். ஓரத்தில் ஜப்பான் அரிசியின் பிளாஸ்ரிக் பை இருந்தது. சின்ன, உருண்டை, வெள்ளை அரிசி. இந்த அரிசிதான் ஒட்டும், மற்றது உதிர்ந்துபோகும், இது இல்லாமல் சுஷியே இல்லை என்று மருமகன் சொல்லிக் கேட்டிருந்தார். வீட்டிலே இருந்த வெள்ளைச் சம்பாவும் பார்வைக்கு அப்படித்தான் இருந்தது.

கள்ளக்கடத்தல்காரரிடம் அவர் கற்ற வித்தை ஒன்று உண்டு. பையின் மேல்வாயில் கை வைக்கக்கூடாது. எல்லாரும் அங்கேதான் பார்ப்பார்கள். அடியில் ஒட்டிய விளிம்பைச் சவர அலகால் கீறி, சாமானை மாற்றி, மெழுகுதிரிச் சுவாலையில் ஒட்டிவிட வேண்டும். எத்தனையோ பேரை இதே இடத்தில் பிடித்தவர். இப்போது அவருடைய கையே அதைச் செய்தது. ஜப்பான் அரிசியைக் கடதாசிப் பையில் கொட்டி, அதன் இடத்தில் சம்பாவை நிரப்பி ஒட்டினார்; கடதாசிப் பையை பழைய சீருடை கிடக்கும் றங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிரோஜினி பையை மேலே வெட்டி, அரிசியைக் களைந்து உலையில் போட்டாள். சோறு வெந்ததும் சிவரூபன் வினாகிரியும் சீனியும் உப்பும் கலந்து ஊற்றிக் கிளறினான். அவள் சுளகால் விசிறினாள். ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் அமுக்கினான். கை விரித்ததும் சோறு பொலபொலவென்று கொட்டுப்பட்டது. மறுபடி அமுக்கினான். மறுபடியும் கொட்டுப்பட்டது.

“இது அந்த அரிசியில்லை நிரோ.”

“என்ன சொல்லுறீங்கள்? நீங்கள் வாங்கின பைதானே?”

“கடைக்காரன் ஏமாத்திப்போட்டான்.” அவன் குசினி வாங்கில் தொப்பென்று இருந்தான். “இனி எங்கை போய்த் தேடுறது? திருகோணமலை முழுக்கத் தேடியாச்சு. பாஹிம் நானா இப்ப வந்திருவார். நிலாவெளி ஹோட்டல் வேலை போச்சு.”

விறாந்தையில் பேப்பர் வாசிப்பதுபோல் இருந்த கனகரத்தினத்தாரின் கை அப்படியே நின்றது.

“வேறை ஏதும் செய்து குடுப்பமே?”

“அவர் சுஷிக்கெண்டுதானே ஆள் தேடுறார். இதுதான் கடைசி வழியெண்டு உமக்குத் தெரியும். நாளைக்கே ஒசாக்காவுக்கு ஓமெண்டு சொல்லிவிடுறன். வேறை என்ன செய்ய ஏலும்?”

நிரோஜினி அழத் தொடங்கினாள். அழுகைக்கு நடுவே, “அப்பாவை எப்பிடித் தனிய விட்டிட்டுப் போறது?” என்றாள்.

பாஹிம் நானா. மதுசாரம் இல்லாத வினாகிரி அந்த முஸ்லிம் முதலாளிக்குத்தான் என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. கட்டாராம், விமானமாம்! நிலாவெளி, பஸ் ஏறினால் வந்துவிடுகிற நிலாவெளி. அதைத் தன்னிடம் ஏன் மறைத்தார்கள் என்பதும் தெரிந்தது. முந்தி ஒரு விடுதியில் மருமகனுக்கு வேலை சரிவந்தபோது, அவரே நேரில் போய் முதலாளியைச் சுங்கத்தில் நிறுத்திக் கேட்பதுபோல் கேள்வி கேட்டார். அந்த வேலை அத்தோடு போனது.

பேசாமல் இருந்தால் ஒருவருக்கும் தெரியாது. கொழும்புக் கடைக்காரன் பேரில் பழி போகும். ஆனால் மகளும் போய்விடுவாள். அவர் எழும்பி அறைக்குள் போனார். றங்குப் பெட்டியைத் திறந்து, கடதாசிப் பையை எடுத்து வந்து நீட்டினார்.

“இந்தா பிள்ளை. போன கிழமை பசாரிலை ஒரு கடையிலை கண்டு வாங்கினனான். உங்கட அரிசி மாதிரிக் கிடந்துது.”

சிவரூபன் பாய்ந்து வாங்கினான். கையில் கொட்டிப் பார்த்தான். “மாமா! இதேதான்!” அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. நிரோஜினி கண்ணைத் துடைத்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு வெறும் அரிசிப் பை கிடந்த குப்பைக் கூடையைப் பார்த்தாள்.

பாஹிம் கொஞ்சம் பிந்தி வந்தார். அதனால் புதுச் சோறு ஆக்க நேரம் கிடைத்தது. அவரும் சந்தேகக்காரர்தான். வினாகிரிப் போத்தலை வாங்கி எழுத்தை இரண்டுதரம் வாசித்தார். மீன் துண்டை மணந்து பார்த்தார். பிறகு வாயில் வைத்தார், கண்ணை மூடினார், அடுத்ததை எடுத்தார்.

“எப்ப தம்பி வரலாம்?”

“நீங்கள் சொல்லுற அண்டைக்கு நானா.”

“மாசம் பிறக்க வாங்க. தங்குறதுக்கு அறையும் இரிக்கி.”

“வேண்டாம் நானா. வீட்டிலை இருந்தே வந்து போவன். மாமா தனிய.”

கனகரத்தினத்தாரின் தட்டில் மூன்று சுருள் இருந்தன. அவர் ஒன்றைத் தின்றார். சோறு நன்றாக ஒட்டியிருந்தது.

சிவரூபன் பாஹிமை வாசல்வரை வழியனுப்பப் போனான். நிரோஜினி குசினிக்குள் போய் வெறும் அரிசிப் பையை எடுத்து வந்து, அவருடைய தட்டுக்குப் பக்கத்தில் அடிப்பக்கம் மேலாக வைத்தாள். ஒட்டிய இடம் கோணலாக உருகிக் கருகியிருந்தது.

“சின்ன வயசிலை நீங்கள்தானே அப்பா சொல்லித் தந்தனீங்கள். கள்ளன் மேல்வாயைத் தொடமாட்டான், அடியைப் பார் எண்டு.”

அவர் பையைத் தள்ளிவைத்தார். “நீ போயிருவாயெண்டு…”

“போறதெண்டால் சொல்லிப்போட்டுத்தான் போயிருப்பன்.” அவள் குரல் உயரவில்லை. “அவருக்கு நான் ஒண்டும் சொல்ல மாட்டன். நீங்களும் சொல்ல வேண்டாம். உங்களில அவருக்கு நல்ல மரியாதை.”

சிவரூபன் வேலைக்குப் போகத் தொடங்கினான். மகள் எங்கும் போகவில்லை. குசினியில் பாத்திரம் உருளும் சத்தம் முன்போலவே கேட்டது. அலுமாரியில் மட்டும் ஒரு பூட்டுத் தொங்கியது. எலித் தொல்லை என்று அவள் புருசனிடம் சொல்லிவைத்திருந்தாள்.

ஒரு காலை கனகரத்தினத்தார் சீனி வாங்கிக்கொண்டு பசாரிலிருந்து வந்தார். நிரோஜினி வாசலிலேயே பையை வாங்கினாள். சீனிப் பையை வெளியே எடுத்துக் கையில் தூக்கிப் பாரம் பார்த்தாள். பிறகு தலைகீழாகத் திருப்பி, அடியில் ஒட்டிய விளிம்பை விரலால் தடவினாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல், இரண்டு கையும் தொங்க, அவள் போகச் சொல்லும்வரை நின்றார்.