கொட்டி அள்ளிய குப்பை

முல்லைத்தீவுக் கரையில், நகரத்து வாய்க்கால் வந்து விழும் களப்பில் ஆன்சலா சோலர் படகு ஓட்டினாள். ஒரு வெளிநாட்டு உதவித் திட்டம் கொடுத்த படகு அது. கூரைத் தகடுகளில் வெயில் பட்டால் மோட்டர் ஓடும். முன்னாலுள்ள றப்பர் பட்டி சுழன்று, மிதக்கும் போத்தல்களையும் சொப்பிங் பைகளையும் அள்ளி மேலே கொண்டுவரும். மாரி முடிந்ததிலிருந்து அவள் அள்ளியதில் களப்பு தெளிந்திருந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்று வலை இழுக்கும் ஜோசப்பின், இப்போதுதான் வலையில் இறால் மட்டும் வருகிறது என்று அவளிடமே வந்து சொல்லியிருந்தாள்.

உதவி கொடுத்தவர்கள் பார்க்க வரும் நாள் வந்தது. திட்ட அதிகாரி ரஜிதன் காலையிலேயே கரைக்கு வந்து தண்ணீரைப் பார்த்தார். அவருடைய முகம் வாடிவிட்டது. படகு குப்பை அள்ளுவதைப் படமெடுக்க வருகிறார்கள், அள்ள ஒன்றுமில்லையே என்றார். அதைப் பாராட்டென்று நினைத்து ஆன்சலா சிரித்தாள்.

கொஞ்ச நேரத்தில், திட்டக் களஞ்சியத்தின் பின்னால் அவள் அள்ளிக் கட்டி வைத்திருந்த குப்பை மூட்டைகளோடு உழவு இயந்திரம் ஒன்று பின்பக்கமாகக் கரைக்கு வந்தது. அவள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் ரஜிதனின் ஆட்கள் மூட்டைகளை வெட்டித் தண்ணீரில் கொட்டிவிட்டார்கள். காற்று எல்லாவற்றையும் ஜோசப்பினின் வலைப்பக்கம் தள்ளிக்கொண்டு போனது.

"என்ன சேர் செய்யிறியள்?"

"படமெடுத்தாப்பிறகு திருப்பி அள்ளலாம்தானே, தங்கச்சி. போய்ப் படகில ஏறுங்கோ."

நாற்றத்தில் நின்று தன் கையால் கட்டிய மூட்டைகள் அவை. படகில் ஏறினாள். விருந்தினர் கமராக்களோடு கரையில் வந்து நின்றதும், குப்பையின் நடுவே படகைக் கொண்டுபோய் மோட்டரை நிறுத்தினாள். அள்ளச் சொல்லி ரஜிதன் கரையிலிருந்து கையசைத்தார். அவள் எழுந்து நின்றாள்.

"காலமை தண்ணி வடிவாத்தான் கிடந்தது. இந்தக் குப்பையைக் கொட்டினது இவையள்தான். நான் அள்ளமாட்டன்."

அவள் என்ன சொல்கிறாள் என்று விருந்தினர் கேட்டார்கள். பற்றரியில் சார்ஜ் இல்லையாம் என்று ரஜிதன் ஆங்கிலத்தில் சொன்னார். தகடுகளில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. ஒருவர்கூட மேற்கொண்டு கேட்கவில்லை. குப்பைக்கு நடுவில் நின்ற படகைப் படமெடுத்துக்கொண்டு சாப்பிடப் போனார்கள்.

மறுநாள் அவளை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். ஜோசப்பினின் வலையில் சிக்கிய பைகளை அவளும் ஜோசப்பினும் கையால்தான் பிடுங்கி எடுத்தார்கள். கரையோரக் கண்டல் மரங்களின் வேர்களில் மாட்டியதை எடுக்கவே முடியவில்லை. படகை ரஜிதனுக்கு வேண்டிய ஒருவர் ஓட்டினார்.

உதவி கொடுத்தவர்களின் அடுத்த குழு பார்க்க வந்தபோதும் உழவு இயந்திரம் மூட்டைகளோடு வந்தது. இம்முறை இறால் பிடிக்கும் பெண்கள் எல்லோரும் கரையை மறித்து நின்றார்கள், முன்னால் ஆன்சலா. எங்கள் மேல் கொட்டிவிட்டுப் போ என்று ஜோசப்பின் சாரதியிடம் சொன்னாள். அவர் ரஜிதனைப் பார்த்தார், பெண்களைப் பார்த்தார், இயந்திரத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

வந்தவர்கள் வெறும் தண்ணீரைத்தான் படமெடுத்தார்கள். நல்ல சுத்தம் என்று ரஜிதனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே நன்றி சொன்னார். கரையை மறித்த பெண்களோடு நின்று ஆன்சலா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.