நிருபமாவின் வியாதி

ஏரியில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் ஓடவும் வேண்டிய நெடும்போட்டி அது. மனநலச் சிகிச்சைக்கு நிதி திரட்டத்தான் முகுந்தன் அதில் சேர்ந்திருந்தான். பயிற்சி முடிந்ததும் வீட்டுக்கு வரச்சொல்லி மாமனார் சீனிவாசராகவன் போன் செய்திருந்தார். மல்லேஸ்வரம் வீட்டுக் கூடத்தில் அவன் அச்சடித்த நோட்டீஸ் கட்டு கிடந்தது. மனச்சோர்வு நோயால் உயிரை மாய்த்துக்கொண்ட தன் மனைவி நிருபமாவின் நினைவாக என்று அதில் போட்டிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை இது? ஹார்ட் அட்டாக்னுதானே எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கோம்? சஹானாவுக்கு வரன் பார்த்துண்டிருக்கேன். அக்கா இப்படிப் போனான்னு தெரிஞ்சா எவன் வருவான்? இருதய நோய்னு மாத்திப் போடுங்கோ. நானே நன்கொடை பிடிச்சுத் தரேன்."

மனைவி போனதிலிருந்து முகுந்தனுக்கு எதுவுமே உறைத்ததில்லை. இப்போது காது சுட்டது.

"அவ இருதயத்துக்கு ஒண்ணும் இல்லை மாமா. கல்யாணமாகி ஒரு வருஷம் மனச்சோர்வு மாத்திரையை எனக்கே வைட்டமின்னு பொய் சொன்னா. சொல்லிக் கொடுத்தது யாரு? பயந்து பயந்து பாதி நாள் முழுங்கவே இல்லை. செத்தப்புறமும் அவ ஒளிஞ்சுக்கணுமா?"

"மெதுவாப் பேசுங்கோ. மாடில குடித்தனக்காரா இருக்கா."

"அவாளும் ஹார்ட் அட்டாக்னுதான் நினைச்சுண்டிருக்காளா?"



முகுந்தன் நோட்டீஸ் கட்டை எடுத்துக்கொண்டு மாடியேறினான். குடித்தனக்காரர் வீட்டு மணியை அழுத்தினான்.